வேலையை விட்டு நாதஸ்வரம் செய்யக் கற்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளத்தில் குறையில்லை, மனம்தான் ஒட்டவில்லை. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்யும் பட்டறைகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தொழிலைக் கற்க ஆசைப்படுகிறேன்.

பழைய வீடுகளைக் கட்டப் பயன்பட்ட ஆச்சா மரத்தை வாங்கி, கடைந்து, துளையிட்டுச் சுருதி சேர்க்கிறார்கள். மரம் எவ்வளவு பழையதோ, நாதம் அவ்வளவு நன்றாக இருக்குமாம். இதையெல்லாம் அறிந்த பிறகு அலுவலகத்தில் கணக்கு நேராக வர மறுக்கிறது!

தலைமுறையாகக் குடும்பத்துக்குள்ளேயே இருந்துவரும் தொழில் இது. வெளியாளைச் சேர்த்துக்கொள்வார்களா? எனக்கு வாசிக்கத் தெரியாது. சுருதி ஞானம் மட்டும் கொஞ்சம் உண்டு. அது போதுமா? கற்கும் காலத்தில் வருமானத்துக்கு என்ன வழி?

அப்பாவிடம் இன்னும் பேசவில்லை, பயம்தான். வீட்டுக் கடன் வேறு ஓடுகிறது. நிலையான வேலையை விட்டுக் கைத்தொழிலுக்கு வந்தவர்கள், வீட்டில் எப்படிப் பேச்சை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். "துணிந்து இறங்கு" என்ற அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது விவரம். பட்டறைக்காரர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்பினால் அடுத்த விடுமுறையில் நேரில் போய்க் கேட்பேன்.