மறுமொழி: பட்டாணி ஏன் முளைக்கவில்லை?

ஊர்ச் சொந்தங்களுக்கு கனடாவின் சஸ்கட்டூனிலிருந்து வணக்கம்.

மார்ச் தொடக்கத்தில் போட்ட பட்டாணி ஒன்றுகூட முளைக்கவில்லை என்று இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் அக்கா எழுதியிருந்தார். "குளிர்ல செத்திருக்கும், விடுங்க" என்று துபாய் அண்ணன் ஒரே வரியில் காரியத்தை முடித்துவிட்டார். அண்ணனுக்குத் தெரிந்த குளிர் ஏசி மட்டும்தான். அக்கா, குளிரை மட்டும் குறை சொல்லாதீர்கள். முதல் நாள் ராத்திரி விதையை ஊறப்போட்டீர்களா?

நான் போட்டேன். இங்கே வந்த இரண்டாம் வருடம், சுண்டலுக்குப் போடுவதுபோல ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் பனி உருகிய சேற்றில் விரலால் குழி குத்தி ஊன்றினேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டினால், கை பட்டதும் தோல் கழன்று உள்ளே இருந்தது பசையாக வழிந்தது. வெளியில் மறந்துபோன தோசைமாவு நாற்றம். அப்பா சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈர வயலில் உளுந்து தெளிப்பாரே, ஒருநாளும் ஊறவைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ!

காய்க்காக விற்கிற விதை பெரும்பாலும் சுருங்கிய வகை. பள்ளிக்கூடத்தில் மெண்டல் பாடத்தில் படித்த அதே சுருங்கல். அதில் மாவு குறைவு, சர்க்கரை அதிகம். தின்ன இனிக்கும், ஆனால் சில்லிட்ட ஈரத்தில் கிடந்தால் அந்தச் சர்க்கரை வெளியே கசியும். மண்ணில் காத்திருக்கும் பித்தியம் என்கிற பூஞ்சணம் போன்ற கிருமிக்கு விருந்து. மண் 20 டிகிரி இருந்தால் ஒரு வாரத்தில் முளைத்துத் தப்பித்துவிடும். 10 டிகிரிக்கு இரண்டு வாரம். 5 டிகிரி என்றால் ஐந்து வாரம்கூட ஆகும். அத்தனை நாள் சேற்றில் கிடந்தால் எது அழுகாது?

இங்கே வயல்காரர்கள் மண் 5 டிகிரியைத் தொட்டதுமே, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் விதைக்க இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் போடுவது மாவு நிறைந்த உருண்டைப் பட்டாணி. மெரினாவில் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் வாங்கித் தின்றோமே, அந்தப் பட்டாணி இந்த மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்ததாகவும் இருக்கலாம். 2017 நவம்பரில் இந்தியா 50 சதவீத இறக்குமதி வரி போட்டபோது இங்கே பலருக்கு முகம் தொங்கிப்போனது.

இன்னொரு சங்கதி. நம்மூர்த் தட்டைப்பயறு முளைக்கும்போது இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும். பட்டாணி அப்படியில்லை, பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பும். போன வருடம் மே நடுவில் உறைபனி விழுந்து என் செடிகளின் நுனி கறுத்துப்போனது. போச்சு என்று நினைத்தேன். பத்து நாளில் மண்ணுக்கடியில் இருந்த கணுவிலிருந்து புதுத் தளிர் வந்தது. தட்டைப்பயறாக இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

குளிரைவிடப் பட்டாணிக்கு வெயில்தான் ஆகாது. 27, 28 டிகிரிக்கு மேல் போனால் பூ உதிரும். அதனால் தள்ளிப்போடவும் முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். ஈரமான காகிதத் துண்டில் விதையைச் சுற்றி அடுப்படியில் வைப்பேன். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும், தண்ணீர் நிற்காத மேட்டுப் பாத்தியில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுவேன். உங்கள் ஊரில் ஃபெல்தம் ஃபர்ஸ்ட், மீட்டியார் என்று உருண்டை விதை ரகங்கள் கிடைக்கும், குளிருக்கு அவை தேவலை. இளஞ்சிவப்பு மருந்து பூசிய விதை என்றால் கை கழுவ மறக்க வேண்டாம். மிச்சத்தைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், எலியையும் மறக்காதீர்கள். ஓர் ஓரமாகத் தோண்டிப் பாருங்கள் அக்கா. பசையாக இருந்தால் நான் சொன்ன கதை. குழி காலியாக இருந்தால் எலி. எது என்று எழுதுங்கள்.