அப்டேட்: கூலன்ட் மைனஸ் 40 காட்டுன விஷயம்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, நாகப்பட்டினத்துல ஓடுற நம்ம டீசல் கார்ல ஓபிடி (காரோட கம்ப்யூட்டர் டேட்டாவ வெளிய எடுக்குற வழி) மூலமா ஆப்ல லாக் எடுத்தா கூலன்ட் (இஞ்சின குளிர வைக்கிற தண்ணி) டெம்பரேச்சர் 90ல இருந்து பொசுக்குன்னு மைனஸ் 40க்கு விழுது, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) கிராஃப் வேற பெடல மிதிச்சப்புறம் லேட்டா ஏறுதுன்னு. ரெண்டும் தீந்துச்சு, ஆனா காரணம் வேற வேற.

மைனஸ் 40 ஆப்போட கோளாறு இல்லங்க. ஓபிடில கூலன்ட்டுக்கு வர்ற நம்பர்ல 40 கழிச்சாதான் டிகிரி, 130 வந்தா 90, வெறும் 0 வந்தா மைனஸ் 40. ரா டேட்டாவ தெறந்து பாத்தா 41 05 82ன்னு (கடைசி 82 ஹெக்ஸ் கணக்கு, அதாவது 130) ஒழுங்கா வந்துட்டே இருந்து நடுவுல 41 05 00, அப்ப ஈசியூவே (இஞ்சின் கம்ப்யூட்டர்) அப்படித்தான் சொல்லுது, வயர் பக்கம் பாருங்கன்னு ஒரு அண்ணன் சொன்னது கரெக்ட். சென்சார் கனெக்டர கழட்டுனா பின்னு பூரா பச்சை பூத்துக் கெடக்கு, கடக்காத்து புண்ணியம். காண்டாக்ட் க்ளீனர் அடிச்சு, லூசா கெடந்த பின்ன நெருக்கி மாட்டுனேன், வேளாங்கண்ணி போய்ட்டு வர்ற வரைக்கும் கோடு ஆடவே இல்ல.

பூஸ்ட்டுக்கு டர்போவயே மாத்தணும்னாரு ஒரு மெக்கானிக். நல்லவேளை மாத்தல. இஞ்சின் ஆஃப்ல சாவி மட்டும் போட்டு பாத்தா மேப் சென்சார் (இஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த அளக்குறது) 101 கேபிஏ, கடல் மட்டத்துல வர வேண்டியதுதான், அப்ப சென்சார்ல தப்பில்ல. லேட்டுக்கு காரணம் ஆப்தான், ஒவ்வொரு சென்சாரா வரிசைல கேட்டு வாங்குது, லிஸ்ட்டு நீளமானா எல்லாமே லேட்டு. ஆர்பிஎம், பெடல், மேப் மூணு மட்டும் விட்டதும் கிராஃப் ஒட்டிக்கிட்டு வருது.

மைலேஜ் மட்டும் இன்னும் தப்புதான், பெட்ரோலுக்கான 14.7 காத்து-எரிபொருள் விகிதத்த வச்சே ஆப் டீசலுக்கும் கணக்கு போடுது. அதுக்கு டேங்க் ஃபுல் பண்ணிதான் பாக்கணும்.