நியூபோர்ட் கடலுணவு, ஒயின் விழாவுக்குப் போனவர்கள் சொல்லுங்கள், நானே தொடங்குகிறேன்

ஆரெகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இதே மாநிலத்தின் கடலோர ஊரான நியூபோர்ட் என்றால் எங்களுக்கு மீன்காட்சியகமும் கலங்கரை விளக்கமும்தான். பிப்ரவரிக் கடைசியில் அங்கே விழா நடக்கிறது, 1978-இலிருந்து நடக்கிறது என்று தெரிந்தும் போனதில்லை. இந்த முறை போனதற்குக் காரணம், நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அத்தை. மூன்று வாரமாக இங்குள்ள கடைகளில் ஐஸில் கிடந்த மீனைப் பார்த்துப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். மாமியாரை ஒயின் விழாவுக்கு அழைத்துப் போன மருமகள் என்ற பெயர் எனக்கு வாய்க்க வேண்டும் என்றிருந்தது போலும்.

21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று படித்திருந்தேன். கைக்குழந்தையும் அதில் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது மாதப் பிள்ளை ஒயினா கேட்கப்போகிறது? ஆனால் விதி விதிதான். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். தப்பு என்னுடையது. கணவர் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த மீன்காட்சியகத்துக்குப் போய்விட்டார். அந்த மௌனம் திரும்பும் வழியிலும் நீடித்தது.

அடுத்து அத்தையிடம் வயதுச் சான்று கேட்டார்கள். அவருக்கு 66. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியவர், "எனக்கு இருபத்தொன்று ஆகிவிட்டதா என்று இவர்களுக்குச் சந்தேகமாம்" என்று அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

யக்வினா விரிகுடாப் பாலத்தின் தென்கரையில் பெரிய பெரிய கூடாரங்கள். வெளியே சாய்ந்து அடிக்கும் மழை, உள்ளே தோளோடு தோள் உரசும் கூட்டம். விழா முத்திரை பொறித்த கண்ணாடிக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மேசையாகப் போய்க் காசு கொடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொள்ளலாம். அத்தை தம் கோப்பையில் தண்ணீர் வாங்கிக்கொண்டார். நான் பினோ கிரி குடித்துப் பார்த்தேன். புளிப்பு தூக்கலான வெள்ளை ஒயின். அமெரிக்காவிலேயே அந்தக் கொடியை முதலில் நட்டவர் இதே ஆரெகனில், வில்லமெட் பள்ளத்தாக்கில் தோட்டம் போட்ட டேவிட் லெட். 1960-களில் இந்தக் குளிரில் திராட்சை பழுக்காது என்று அவருக்குப் பலர் புத்தி சொன்னார்களாம்.

சாப்பாடுதான் ஏமாற்றம். ருசியில் குறையில்லை, அளவில்தான். காகிதத் தட்டில் நண்டுக் கட்லெட் ஒன்று, நான்கு இறால், ஒரு சின்னக் கிண்ணம் சூப். "இது பந்தி இல்லையம்மா, தொன்னையில் கொடுக்கிற பிரசாதம்" என்றார் அத்தை. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

எங்கள் விழா அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பாலத்தைத் தாண்டி வடகரைக்குப் போனால் படகுத்துறை. சில படகுகள் விலைப்பலகை மாட்டி, பிடித்த நண்டை உயிரோடு அங்கேயே விற்கின்றன. டன்ஜினெஸ் நண்டு, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறையும். படகுக்காரர் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அத்தை அதைப் பின்பக்கமாகப் பற்றிக் கவிழ்த்து, வயிற்று மடிப்பைப் பார்த்து, "ஆண்" என்றார். பிறகு நடைக்காலின் அகன்ற பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினார். படகுக்காரர் சிரித்துவிட்டார். அவரும் அப்படித்தான் பார்ப்பாராம். அமுங்கினால் உள்ளே தண்ணீர்.

"சினை நண்டு இல்லையா என்று கேள்." கேட்டேன். பெண் நண்டைக் கரைக்கே கொண்டுவரக் கூடாது, ஆணிலும் ஓடு ஆறேகால் அங்குலம் இருந்தால்தான் பிடிக்கலாம் என்றார். அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "அமாவாசை நண்டா, பௌர்ணமி நண்டா என்று கேள்." நிலாவைப் பொறுத்து நண்டில் சதை ஏறும், இறங்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. இதை எப்படி மொழிபெயர்ப்பது? நிலா கணக்கு எங்களுக்கு இல்லை, சட்டை உரிக்கிற கணக்குதான் என்றார் அவர். வளர்ந்த ஆண் நண்டு வருடத்துக்கு ஒரு முறை ஓட்டைக் கழற்றும். புது ஓட்டுக்குள் முதலில் தண்ணீர்தான். சதை ஏற மாதங்கள் ஆகும். அதனால் டிசம்பரில் பருவத்தைத் திறக்குமுன் அரசே நண்டைப் பிடித்து வேகவைத்து, சதையை எடுத்து நிறுத்துப் பார்க்கிறது. மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு தேறாவிட்டால் பருவம் தள்ளிப்போகும்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "நமக்கு மாதம் ஒரு அமாவாசை. இவர்களுக்கு வருடத்துக்கு ஒன்று" என்றார்.

* * *

சகோதரி, நான் கார்வாலிஸில் படிக்கிறேன். நீங்கள் போனது எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமையே போய்விடுவது நல்லது. சனி மதியத்துக்கு மேல் அதில் கடலுணவு என்ற சொல்லை எடுத்துவிடலாம், ஒயின் விழா மட்டும்தான்.

எனக்கு அங்கே வாய்த்தது வேகவைக்காத பச்சைச் சிப்பி. நண்பன் உசுப்பிவிட்டான். எலுமிச்சை பிழிந்து ஓட்டோடு வாயில் சாய்த்தேன். குளிர்ந்த கடல்நீரை ஒரு மிடறு விழுங்கினாற்போல் இருந்தது, அதற்குப் பின்னால் வெள்ளரிக்காய் மாதிரி ஒரு வாசனை. மூன்றாவதில்தான் பிடிபட்டது. இவ்வளவுக்கும் இப்போது வளர்ப்பது ஜப்பானிலிருந்து வந்த பசிபிக் சிப்பி. இந்த விரிகுடாவின் சொந்தச் சிப்பி சிறியது. 1860-களில் அதை அள்ளி அள்ளி சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேற்றித் தீர்த்துவிட்டார்கள்.

* * *

நான் சைவம். நான்கு பேர் குடிக்கப் போனார்கள், நான் வண்டி ஓட்டப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்தது ரொட்டியும் பாலாடைக்கட்டியும். படகுத்துறையில் கடற்சிங்கங்கள் படுத்துக்கொண்டு குரைக்கிற குரைப்பைப் பார்த்தது மட்டும் கொடுத்த காசுக்கு ஈடு. அதற்கு டிக்கெட்டே கிடையாது. இன்னொன்று, மட்டிச் சூப்பில் பன்றியிறைச்சி சேர்ப்பது இங்கே வழக்கம். பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

* * *

நாங்கள் போனது சனிக்கிழமைதான் தம்பி, பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நண்டை எப்படிச் சமைத்தோம் என்று தனியாகச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அத்தை இரண்டை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு வறுத்தார். மற்ற இரண்டையும் நான் உப்புத் தண்ணீரில் வெறுமனே வேகவைத்தேன். என் கட்சி தோற்றது என்றாலும் சொல்கிறேன்: இந்த நண்டின் சதை அப்படியே இனிக்கிறது, நம் மசாலாவில் பாதி போட்டாலே அது காணாமல் போய்விடுகிறது. மிளகு நண்டோடு அந்தப் பினோ கிரியும் ஒத்துப்போகவில்லை, நாக்கு எரிந்தது. வெறும் நண்டோடு பிரமாதம்.

வரும் வழியில் கார்வாலிஸைத் தாண்டியதும் ஒரு நண்டு பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு கொடுக்கை வெளியே நீட்டியது. விழாவுக்குள் விடப்படாத பிள்ளை அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது, ஹில்ஸ்பரோ வரும்வரை நிறுத்தவில்லை. கணவர் பேசத் தொடங்கியதும் அப்போதுதான். மூடியைச் சரியாக மூடத் தெரியாதா என்று கேட்டார்.