மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனம்: மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வழக்கு எப்படி முடியும்?

கேள்வி (கேட்பவர்: பாலாற்றங்கரை)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா கடந்த மாதம் விடியற்காலையில் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த சரக்கு வேன் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றுதான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. பிறகு ஒரு பெட்ரோல் பங்க்கின் கேமராப் பதிவைக் கொண்டு வண்டியைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது வேன் உரிமையாளர் தரப்பில் ஊர்ப் பெரியவர்கள் வழியாகப் பேசுகிறார்கள். ஒரு தொகை தருவதாகவும், அத்தை முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். ஓட்டியவருக்குப் 10 ஆண்டு சிறை உறுதி என்கிறார் ஒருவர்; அபராதம் கட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார் என்கிறார் இன்னொருவர். எது உண்மை? கையெழுத்துப் போடலாமா?

பதில் 1 (கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்)

உங்கள் குடும்பத்தின் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டுமே சரியல்ல.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. விபத்தை ஏற்படுத்தி உயிரிழப்புக்குக் காரணமானவர் காவல்துறைக்கோ நடுவருக்கோ (மேஜிஸ்ட்ரேட்) தெரிவிக்காமல் தப்பியோடினால் 10 ஆண்டு வரை சிறை என்பது இரண்டாம் உட்பிரிவு. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து, 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே உங்கள் வழக்கில் பொருந்துவது முதல் உட்பிரிவுதான்: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், 5 ஆண்டு வரை சிறை. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் ஓட்டுநர் உடனே வெளியே வந்துவிடுவார். அதைப் பார்த்து வழக்கே முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் சிறை அல்லது அபராதம் என்றிருந்ததால், அபராதத்தோடு மட்டும் முடிந்துபோன வழக்குகள் உண்டு. புதிய பிரிவு சிறையோடு அபராதமும் என்கிறது. வெறும் அபராதத்தோடு விடுவதற்கு அதில் இடமில்லை. ஆனால் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. மேலும் முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர் 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று கருதினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு வழக்கை அனுப்ப வேண்டும்.

தப்பிச் சென்றதற்கான தனிக் குற்றச்சாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. தவறினால் 187ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து போய்விட்டேன்' என்பதே நான் அதிகம் கேட்டிருக்கும் எதிர்வாதம். சட்டமும் அந்த அச்சத்தை ஓரளவு ஏற்கிறது. ஆனால் அவர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கலாமே என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

சமாதானத்தைப் பொறுத்தவரை, காயமடைந்தவர் உயிரோடு இருக்கும் வழக்குகளில் நீதிமன்ற அனுமதியோடு சில குற்றச்சாட்டுகளில் இணங்கிப்போகலாம். மரண வழக்கில் அதற்கு வழியில்லை. முத்திரைத்தாள் எதையும் முடித்துவைக்காது. அந்தத் தாளை அவர்கள் வாங்குவதன் உண்மையான நோக்கம், விசாரணையன்று உங்கள் தரப்புச் சாட்சிகள் பிறழ்ந்து பேச வேண்டும் என்பதும், இழப்பீட்டு வழக்கு வராமல் தடுப்பதும்தான். தயவுசெய்து கையெழுத்துப் போட வேண்டாம்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. இன்னொரு சந்தேகம். காவல் நிலையத்தில் ஆஜரானவர் ஒரு சம்பள ஓட்டுநர். அன்றைக்கு வண்டியை ஓட்டியது உரிமையாளரின் மகன் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. இதை எப்படி எடுத்துச் செல்வது?

பதில் 2 (ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர்)

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான், தம்பி. வண்டி மோதியது என்பதை நிரூபிப்பது ஒப்பீட்டளவில் எளிது: சாலையில் கிடந்த இண்டிகேட்டர் கண்ணாடித் துண்டுகள் பார்வை மகஜரில் (போலீசார் சம்பவ இடத்தைப் பார்வையிட்டு எழுதும் குறிப்பு) ஏறியிருக்கும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இடது முன்பக்கம் நசுங்கியதும் விளக்கு உடைந்ததும் பதிவாகியிருக்கும், இரண்டும் பொருந்திவிட்டால் வண்டி உறுதி. ஓட்டியவர் யார் என்பதை அந்தக் கண்ணாடித் துண்டு சொல்லாது. விடியற்காலை இருட்டில் முகத்தைப் பார்த்த சாட்சியும் அநேகமாக இருக்க மாட்டார்.

அதற்காகத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இருக்கிறது. ஓட்டுநர் யார் என்று காவல்துறை கேட்டால் உரிமையாளர் தெரிவித்தே ஆக வேண்டும். அவர் கொடுத்த பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுங்கச்சாவடிப் பதிவு, இரண்டு பேருடைய கைபேசி அழைப்பு விவரங்கள், கைபேசி கோபுர இருப்பிடம் ஆகியவற்றைச் சேகரிக்கும்படி விசாரணை அதிகாரிக்கும், நகலைக் காவல் கண்காணிப்பாளருக்கும் இப்போதே எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகும் மேல்விசாரணை கோரி நடுவரிடம் மனுப் போடலாம். ஆனால் அழிந்த பதிவை எந்த உத்தரவும் மீட்டுத் தராது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நிற்காமல் போனார் என்பது மட்டுமே அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதற்கு நிரூபணம் ஆகாது. மொபெட் திடீரென்று குறுக்கே திரும்பியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். பின்னாலிருந்து மோதியது என்பதை சம்பவ இடத்தின் மாதிரி வரைபடமும் மொபெட்டின் பின்பக்கச் சேதமும் தெளிவாகக் காட்ட வேண்டும்.

பதில் 3 (கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்)

மேலே ஐயா சொன்னதோடு இழப்பீட்டைப் பற்றியும் சேர்க்கிறேன். வண்டி தெரிந்துவிட்டதால் அத்தையும் பிள்ளைகளும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டம் சொல்கிறது; அதற்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். பால் சங்கத்தின் பட்டுவாடாப் பதிவேட்டில் மாமாவுக்கு வாராவாரம் வரவு வைத்த தொகை இருக்குமே, அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். விவசாயக் குடும்பங்களில் வருமானத்தை நிரூபிக்க இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீடு அதனால் தானாகப் போய்விடாது. தீர்ப்பாயம் பார்ப்பது எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைத்தான்.

வாகனமே தெரியாமல் போன குடும்பங்கள் இதைப் படித்தால், அவர்களுக்காக: 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. வட்டார அளவில் விசாரணை அலுவலர் அறிக்கை தர, மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார். கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த வழக்கில், ஒரு மாதத்துக்குள் வாகனம் தெரியவராவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் காவல்துறையே எழுத்துமூலம் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடிதம் வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

குற்றவியல் வழக்கில் அரசுத் தரப்பை நடத்துவது அரசு உதவி வழக்கு நடத்துநர். உங்கள் வழக்கறிஞர் அவருக்குத் துணையாக இருந்து, நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூல வாதம் தரலாம். தீர்ப்பு விடுதலையாக வந்தால், பாதிக்கப்பட்டோர் என்ற முறையில் அமர்வு நீதிமன்றத்தில் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.