டோரேயின் நரகமும் நம்ம ஊர் ஈரமும்: படம் மாட்டியவர்கள் சொல்வது

பழைய புத்தகங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை இணையத்திலிருந்து இறக்கி, அச்சடித்து, சட்டம் போட்டு வீட்டில் மாட்டிய மலேசியர் நால்வர் பேசுகிறார்கள். பெயருக்குப் பதில் அவரவர் இருக்கும் இடம்.

ஜார்ஜ் டவுன்:

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘நரகம்’ காவியத்துக்கு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1861இல் வெளியிட்ட படங்களில் கறுப்பு மை மட்டும்தான், சாம்பல் மை கிடையாது. அவர் மரக்கட்டையில் வரைந்து கொடுக்க, பிசான் போன்ற செதுக்குநர்கள் அதை மயிரிழைக் கோடுகளாக வெட்டினார்கள். கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். ஆகவே நகல் கெடுவதெல்லாம் கோட்டில்தான். படத்தின் கோப்பை (ஃபைல்) இறக்கியதும் கீழ் வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல படங்களில் செதுக்கியவரின் கையெழுத்து அங்கே இருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாவிட்டால் அந்தக் கோப்பு அச்சுக்கு ஆகாது. ஏ3 அளவுக்கு 3508 x 4961 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருந்தே ஆகவேண்டும். சின்னக் கோப்பை ஏஐ செயலியில் ஊதிப் பெரிதாக்காதீர்கள். கோடுகளை ஒட்டவைத்து, பாவிகளுக்கு இல்லாத மூக்கும் முழியும் வைத்துவிடும்.

உரிமை பற்றிக் கேட்பவர்களுக்கு: மலேசியாவில் வரைந்தவர் இறந்து 50 ஆண்டு ஆனால் போதும். டோரே 1883இல் போனார், இதேபோல் புத்தகங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் வரைந்த ஆங்கில ஓவியர் பியர்ட்ஸ்லி 1898, அயர்லாந்து ஓவியர் ஹாரி கிளார்க் 1931.

பிரிக்பீல்ட்ஸ்:

அண்ணன் கோப்போடு நிறுத்திவிட்டார், பாதிப் படம் அச்சில்தான் சாகிறது. போட்டோஸ்டாட் கடை லேசர் இயந்திரம் படத்தைத் தன் புள்ளிகளாக உடைக்கும். அந்தப் புள்ளியும் டோரேயின் கோடும் மோதி, வானத்தில் பட்டுச்சேலை மாதிரி அலை ஓடும். பிக்மென்ட் மை (நிறமித்துகள் மை) இங்க்ஜெட், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பளபளப்பில்லாத பருத்தித் தாள் என்று கேட்டு வாங்குங்கள். முழுப்படம் அடிக்குமுன் இருட்டான இடத்தில் பத்து சென்டிமீட்டர் துண்டை உண்மை அளவில் அடித்துப் பார்க்க வேண்டும்.

லேசர்தான் கட்டுப்படியாகும் என்றால் ஆஸ்கர் வைல்டின் ‘சலோமே’ நாடகத்துக்கு பியர்ட்ஸ்லி வரைந்த (1894) படங்களை எடுங்கள். முழுக் கறுப்பு, முழு வெள்ளை. எதில் அடித்தாலும் நிற்கும். எட்கர் ஆலன் போவின் கதைகளுக்கு கிளார்க் 1919இல் வரைந்தவை நேர் எதிர். கறுப்புக்குள் பொடிப்பொடியாக வேலை இருக்கும், மை பரவினால் அடைத்துக்கொள்ளும். இருட்டுப் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அடியுங்கள்.

ஆயர் ஈத்தாம்:

படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுவதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்தால் கடைக்காரர் அதே முறையில்தான் செய்வார்: படம் கண்ணாடியோடு ஒட்டி, பின்னால் ஹார்ட்போர்டு, சுற்றி ஆணி. இந்த ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அவர் மேல் குற்றமில்லை, நாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இது: அமிலமற்ற மவுண்ட் அட்டை (நடுவில் சன்னல் வெட்டி, படத்தைச் சுற்றி வரும் அட்டை), ஓரத்தில் 6 செ.மீ., கீழே மட்டும் 7.5. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி தருவது அந்த அட்டைதான், அழகு அப்புறம். படத்தை மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். தாள் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும்; நான்கு பக்கமும் ஒட்டினால் அப்பளம்தான். செலோடேப் கூடவே கூடாது. பின்னால் நெளி பிளாஸ்டிக் அட்டை, விளிம்பு முழுக்க டேப், வெள்ளிப்பூச்சி நுழையாமல். பைன் மரச் சட்டத்தைக் கரையான் உள்ள பழைய வீட்டில் மாட்டாதீர்கள். அலுமினியம் மேல்.

செந்தூல்:

கொண்டோவாசிகளுக்கு (அடுக்குமாடிக்காரர்களுக்கு) இரண்டு விஷயம். எடை: 50 x 70 செ.மீ. சட்டத்தில் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஒன்றே முக்கால் கிலோ, அக்ரிலிக் என்றால் ஒரு கிலோகூட வராது. கான்கிரீட் சுவருக்கு ஹேமர் டிரில், 6 மி.மீ. பிட், 40 மி.மீ. ஆழம். தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்தால் வேறு சத்தம் வரும், அங்கே திருகாணிக்கான சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஏர்கோன். இரவெல்லாம் குளிர்ந்த அறையில் காலையில் சன்னலைத் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்க்கும். படத்தைக் காற்று விழும் இடத்தில் வைக்காதீர்கள், அறை சூடேறிய பிறகு திறங்கள்.

ஜார்ஜ் டவுன்:

கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் பழைய கடைவீட்டுச் சுவர் வேறு கதை, தம்பி. சுண்ணாம்புப் பூச்சில் துளை போட்டால் பொலபொலவென்று கொட்டும், தரையிலிருந்து ஏறும் ஈரம் இடுப்புயரம் வரைகூட வரும். மேலே மரப்பட்டி அடித்து, கம்பியில் தொங்கவிடுங்கள். கீழ் மூலைகளில் ஒரு செ.மீ. ரப்பர்க் கட்டை இருந்தால் பின்னால் காற்று ஓடும்.

பிரிக்பீல்ட்ஸ்:

அக்கா, டோரேயின் லூசிஃபர் (சாத்தான்) படத்தைப் பூசை மேடைக்கு எதிரே மாட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தாரே?

ஆயர் ஈத்தாம்:

சாஸ்திரம் அவரவர் வீட்டு விஷயம். நல்லெண்ணெய் விளக்குப் புகையும் சாம்பிராணியும் கண்ணாடியில் பிசுபிசுவென்று படியும், அதற்காகவே வேண்டாம். சன்னலுக்கு எதிரிலும் வேண்டாம். இருண்ட படம் கண்ணாடிக்குள் போனால் முகம் பார்க்கத்தான் உதவும். பளிச் வெள்ளைச் சுவரில் இவை ஓட்டை மாதிரி தெரியும். மங்கிய பச்சை, செங்காவி நன்றாகத் தாங்கும். விளக்கு 2700 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) எல்இடி, மேலிருந்து சாய்வாக.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கிப் பாருங்கள். சுவரில் சட்டத்தின் அளவுக்குக் கறுத்திருந்தால் ரப்பர்க் கட்டையைத் தடிமனாக்குங்கள். தாளிலேயே பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. கோப்பு இருக்கிறது, வேறு அடிக்கலாம். மவுண்ட் அட்டையையும் சேர்த்து வீசுங்கள், இல்லாவிட்டால் புதுத் தாளுக்கும் பூஞ்சை ஏறும்.