"பியானோ கிளாவேக்கு எதிராக விழுகிறது" என்று லேபிள் எழுதினால் என்ன பொருள்?

நடுநிசி_கிக் கேட்டது:

வணக்கம். லத்தீன் தாளக் கருவிகளும் ஒரு பாடகியின் குரலும் சேர்ந்த சோல்ஃபுல் ஹவுஸ் என்ற நடன இசைப் பாடல் ஒன்றை 122 பிபிஎம் (நிமிடத்துக்கு 122 அடிகள்) வேகத்தில் முடித்து, இவ்வகை இசையை மட்டுமே வெளியிடும் ஒரு சிறிய சுயாதீன லேபிளுக்கு அனுப்பியிருந்தேன். பதிலே வராது என்று நினைத்திருந்த எனக்கு மூன்று வரிகளில் ஒரு மறுமொழி வந்தது. பாடல் பிடித்திருக்கிறது, ஆனால் பியானோ கிளாவேக்கு எதிராக விழுகிறது, அதைச் சரிசெய்துவிட்டு வோக்கல் (குரலோடு), டப் (குரலைக் குறைத்துத் தாளத்தை முன்னிறுத்துவது), இன்ஸ்ட்ருமென்டல் (குரலின்றி), அக்காபெல்லா (குரல் மட்டும்) ஆகிய நான்கு வடிவங்களையும் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

பியானோ லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) கிக் டிரம்மின் அடியோடு இம்மியும் பிசகாமல் ஓடுகிறது. மென்பொருளில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கியே பார்த்துவிட்டேன். அப்படியிருக்க எது எதற்கு எதிராக விழுகிறது? ஒரே பாடலுக்கு நான்கு வடிவங்கள் எதற்கு? ஒரு பழைய சல்சா இசைத்தட்டிலிருந்து இரண்டு விநாடி ட்ரம்பெட்டை எடுத்துச் சேர்த்திருக்கிறேன் என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டுமா?

தோல்கருவி எழுதிய பதில்:

கிக்கோடு பொருந்துவது வேறு, லத்தீன் இசைக்கு அடித்தளமான ஐந்து தட்டுத் தாள வரிசையான கிளாவேயோடு பொருந்துவது வேறு. ஒரு பாரை, அதாவது நான்கு அடிகள் கொண்ட சுற்றை, 16 படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் கிக் 1, 5, 9, 13 ஆகிய படிகளில் விழும். மூன்று-இரண்டு சோன் கிளாவேயின் ஐந்து தட்டுகள் 1, 4, 7, 11, 13 ஆகிய படிகளில் விழும். இரண்டும் சேர்ந்து விழும் இடங்கள் 1, 13 என இரண்டே இரண்டுதான். மற்ற மூன்று தட்டுகளும் கிக்கின் இடைவெளியில் விழுந்து இழுப்பதால்தான் இந்த இசையில் இடுப்பு அசைகிறது.

பாரின் முதல் பாதியில் மூன்று தட்டுகள், இரண்டாம் பாதியில் இரண்டு தட்டுகள் என்பதால் அந்த இரண்டு பாதிகளுக்கும் வெவ்வேறு குணம் உண்டு. மொந்துனோ எனப்படும், திரும்பத் திரும்ப வரும் பியானோ வரியும் அவ்வாறே ஒரு பாதியில் அடியோடு ஒட்டியும், மறு பாதியில் அடியை விட்டு விலகியும் நடக்கும். ஒட்டி நடக்கும் பாதி, கிளாவேயின் இரண்டு தட்டுகள் உள்ள பாதியோடு சேர வேண்டும். லூப்பை வெட்டும்போது கேட்க இனிமையான இடத்திலிருந்து தொடங்குவோம் என்று நீங்கள் அரைப் பார் தள்ளி வெட்டியிருந்தால், பியானோ இரண்டு-மூன்று கிளாவேக்கு, அதாவது 3, 5, 9, 12, 15 என்ற வரிசைக்கு உரியதாக ஆகிவிடும். கொங்கா என்ற கைமுரசும் மணியும் மட்டும் பழைய வரிசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கட்டத்தில் எல்லாம் நேர்கோட்டில் நிற்பதால் திரையில் இந்தப் பிழை தெரியாது. பியானோவைக் கேட்டுக்கொண்டே கையால் கிளாவேயைத் தட்டிப் பாருங்கள், கை தடுமாறும்.

பேஸையும் ஒருமுறை கவனியுங்கள். தும்பாவோ எனப்படும் லத்தீன் வாசிப்பு முறையில் பேஸ், பாரின் முதல் அடியை வெறுமையாக விட்டு, அடுத்த பாரின் ஸ்வரத்தை முந்தைய பாரின் கடைசி அடியிலேயே வாசித்துவிடும். தாளச் சுற்று தொடங்கும் முன்பே பாட்டு தொடங்கும் நம்முடைய அதீத எடுப்பைப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. முதல் அடி கிக்குக்கு மட்டும் உரியதாவதால் ஒலிக்கலவையும் தெளிவாக இருக்கும்.

ஊசிமுனை எழுதிய பதில்:

நான்கு வடிவங்கள் கேட்பதை அலைக்கழிப்பு என்று எண்ண வேண்டாம். இந்த இசையின் பிறப்பே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. நியூயார்க்கில் கேர் சகோதரர்கள் 1974-இல் தொடங்கிய சல்சோல் நிறுவனத்தின் பெயரே சல்சாவையும் சோலையும் ஒட்டவைத்தது. டபுள் எக்ஸ்போஷர் குழுவின் "டென் பர்சென்ட்" பாடலை வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீட்டித் தர, அதை 1976-இல் 12 அங்குல சிங்கிளாகக் கடைகளில் விற்பனைக்கு விட்டது அந்த நிறுவனம்தான். நடன அரங்கில் டிஜேவுக்குப் பயன்படுவது தாளம் மட்டும் ஓடும் நீண்ட பகுதி என்பதைக் கிப்பன்ஸ் அறிந்திருந்தார். பின்னாளில் லூயி வேகா, கென்னி "டோப்" கொன்சாலஸ் இருவரும் மாஸ்டர்ஸ் அட் வொர்க் என்ற பெயரில் செய்த டப் வடிவங்கள், பல சமயம் மூலப் பாடலை விட அதிகமாக அரங்குகளில் ஒலித்தன. சல்சாப் பாடகர் ஹெக்டர் லவோவின் சகோதரி மகனான வேகாவுக்குக் கிளாவே வீட்டுப் பேச்சு. 1997-இல் வந்த நுயோரிக்கன் சோல் ஆல்பத்தில் டிட்டோ புவென்டேயும் எடி பால்மியேரியும் நேரில் வாசித்திருக்கிறார்கள்.

ஆகவே மென்பொருளிலிருந்து கோப்பாக எடுக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் தலா 32 பார்கள் தாளம் மட்டும் ஓடட்டும். அக்காபெல்லாவில் எதிரொலியின் வால் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அறுந்த வால் அரங்கின் ஒலிபெருக்கியில் அப்பட்டமாகக் கேட்கும். மாஸ்டரிங் (இறுதி ஒலி மெருகு) செய்யாத 24 பிட் வேவ் கோப்புகளையும் தனியாக வைத்திருங்கள்.

சிறு பதிப்பாளர் எழுதிய பதில்:

ட்ரம்பெட்டைப் பற்றி அவசியம் சொல்லுங்கள். இரண்டு விநாடியானாலும் ஒலிப்பதிவின் உரிமையாளர், இசையமைப்பின் உரிமையாளர் என இருவரிடம் அனுமதி வேண்டும். சிறிய லேபிள்கள் பெரும்பாலும் அதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. இது தெரியாமல் வெளியிட்டு, ஆறு மாதத்தில் கடைகளிலிருந்து பாடலைத் திரும்பப் பெற நேர்ந்த அனுபவம் எனக்கே உண்டு. ஒரு ட்ரம்பெட் கலைஞரைக் கொண்டு புதிய வரி ஒன்றை வாசிக்க வைப்பதே மேல். அதே வரியை மீண்டும் வாசித்தால் ஒலிப்பதிவு உரிமைச் சிக்கல் தீரும், இசையமைப்பு உரிமைச் சிக்கல் தீராது.

ஒப்பந்தம் வரும்போது பாடலின் உரிமையை முழுவதுமாக எழுதிக் கேட்கிறார்களா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வெளியிடும் உரிமம் மட்டும் கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நிகர வருவாயில் ஆளுக்குப் பாதி என்பது இத்தகைய லேபிள்களில் வழக்கமான பங்கீடுதான். ஆனால் நிகரம் என்பதற்கு முன் எந்தெந்தச் செலவுகளைக் கழிப்பார்கள் என்ற பத்தியில்தான் பாதி சண்டைகள் பிறக்கின்றன. பாடகியிடம் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா?

நடுநிசி_கிக் எழுதிய மறுமொழி:

தோல்கருவி சொன்னது அப்படியே உண்மை. அங்கிருந்து தொடங்கினால் அழகாக இருக்கிறதென்று லூப்பை அரைப் பார் தள்ளி வெட்டியிருந்தேன். நேற்றிரவு பியானோவை எட்டுப் படிகள் நகர்த்தியதும், இத்தனை நாள் மணியின் ஒலி உறுத்துகிறதென்று நான் குறைத்துக்கொண்டே வந்ததன் காரணம் விளங்கியது. இப்போது அதைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டேன். ட்ரம்பெட்டை நீக்கிவிட்டேன், அந்த நான்கு பார்களில் இப்போதைக்குக் கொங்கா மட்டும் ஓடுகிறது. பாடகியிடம் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை, லேபிளுக்குக் கோப்புகளை அனுப்புமுன் அதை முடித்துவிடுகிறேன்.