சின்ன ஊர் மன்றத்தின் தளம் தேடலில் ஏன் மேலே வருவதில்லை?

குடந்தைக் குதிரை

ஒரு வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன். கும்பகோணத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன சதுரங்க மன்றம் நடத்துகிறோம். கட்டணம் கிடையாது. ஞாயிறு காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள், இருபது இருபத்தைந்து பிள்ளைகள் வருவார்கள், பெரியவர்கள் ஆறேழு பேர் முறைவைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆறு வருடமாகச் சொந்தத் தளமும் இருக்கிறது.

போன ஞாயிறு ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எங்களைக் கண்டுபிடிக்க அவருக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது! போனில் தேடும்போதெல்லாம் கட்டணப் பயிற்சி மையங்களும், "டாப் 10 செஸ் வகுப்புகள்" என்ற பட்டியல்களும்தான் வந்ததாம். ஒரு முகவரிப் பட்டியல் தளத்தில் எங்கள் மன்றத்தின் பெயரே இருக்கிறது, ஆனால் கீழே உள்ள எண் எங்களுடையது இல்லை. அதை அழைத்தால் வேறு ஏதோ வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். எங்கள் தளமோ மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது.

பணமில்லாதவன் கடை கடைசித் தெருவில்தான் என்று தேடுபொறிகள் முடிவுகட்டிவிட்டன என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள்.

கோவை வலைத்தச்சர்

மறுக்கிறேன் சார். கோபம் புரிகிறது, ஆனால் உங்கள் தளத்தை இப்போதுதான் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முகப்புப் பக்கத்தின் டைட்டில், அதாவது தேடல் முடிவில் தெரியும் தலைப்பு, வெறுமனே "முகப்பு" என்று இருக்கிறது. வகுப்பு நேரம், இடம், தொடர்பு எண் எல்லாமே ஒரு போஸ்டர் படத்துக்குள் இருக்கின்றன. "கும்பகோணம்" என்ற சொல் அந்தப் படத்தைத் தவிர வேறெங்கும் எழுத்தாகவே இல்லை. கடைசிச் செய்தி 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாட் பார்க்கப் பிள்ளைகளை வேனில் அழைத்துப்போனது, அதுவும் புகைப்படங்கள் மட்டும். போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது, பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கிறது. கூகுள் 2023 அக்டோபரிலேயே முழுக்க முழுக்க போன் வடிவத்தை வைத்துத்தான் தளங்களைப் படிப்பதாக அறிவித்துவிட்டது.

எந்த ஊர், எந்த நாள், எத்தனை மணி என்பதே எழுத்தில் இல்லாத ஒரு பக்கத்தை, கும்பகோணத்தில் தேடும் ஒருவருக்கு எதை நம்பி ஒரு இயந்திரம் காட்டும்? பணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மேலே வரும் விளம்பரங்கள் காசுக்கு வருபவை, சரி. அதற்குக் கீழே உள்ள வரிசையில் இடம் வாங்க முடியாது.

குடந்தைக் குதிரை

தம்பி, போஸ்டர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்களில் யாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவர் வந்து "முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன்" என்று நாலாயிரம் வாங்கிக்கொண்டு, தளத்துக்குள் எங்கேயோ ஐம்பது கீவேர்டு போட்டுவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அந்த "டாப் 10" பட்டியலை எழுதியவர் கும்பகோணம் பக்கமே வந்திருக்க மாட்டார். அதில் இருக்கும் மையங்களில் ஒன்று மூடி இரண்டு வருடம் ஆகிறது. அது எப்படி மேலே நிற்கிறது? அதன் டைட்டில் அழகாக இருப்பதாலா?

கோவை வலைத்தச்சர்

அந்த ஐம்பது கீவேர்டு பெரும்பாலும் மெட்டா கீவேர்டு டேகாக இருக்கும், அதாவது வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் தேடுசொற்கள். அதை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. உங்களிடம் வாங்கியது அநியாயப் பணம் சார். வருத்தமாக இருக்கிறது.

பழைய இணையவாசி

குடந்தை சாரின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வலைத்தச்சர் அதைச் சுற்றிப் போகிறார்.

1998இல் ஸ்டான்ஃபோர்டில், கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் எழுதிய பேஜ்ரேங்க் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் கொடுக்கும் லிங்க் ஒரு ஓட்டு மாதிரி. ஓட்டுப் போடுகிறவர் எவ்வளவு பெரியவர் என்பதற்கேற்ப அந்த ஓட்டின் எடையும் கூடும். பிறகு எத்தனையோ சமிக்ஞைகள் சேர்ந்துவிட்டன, ஆனாலும் அடித்தளம் அதுதான்: உன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த யோசனை அது. நம் ஊரில் ஒரு சதுரங்க மன்றத்தைப் பற்றி மற்றவர்கள் எங்கே பேசுகிறார்கள்? டீக்கடையில், பள்ளி வாசலில், வாட்ஸப் குழுவில், மாவட்டப் பதிப்பில் வந்த இரண்டு அங்குலச் செய்தியில். அந்தச் செய்தியை வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூடத் தேடுபொறி படிக்க முடியாது. ஊருக்கே தெரிந்த மன்றம், இயந்திரத்துக்கு யாரும் சாட்சி சொல்லாத அநாதை. பட்டியல் தளத்துக்கோ ஊருக்கு ஊர் பக்கம், நாடெங்கும் லிங்க். அந்த மொத்தத் தளத்தின் கனம் கும்பகோணம் பக்கத்துக்கும் வந்து சேர்கிறது.

அப்புறம் கிளிக். அமெரிக்காவில் கூகுள்மீது நடந்த ஏகபோக வழக்கில், 2023இல், அந்நிறுவனத்தின் தேடல் பிரிவு மூத்த அதிகாரி பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது நாவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றிப் பேசினார். பயனர்கள் எதைக் கிளிக் செய்தார்கள் என்ற 13 மாதத் தரவை அது வைத்துக்கொள்கிறது. மூன்றாம் பக்கத்தில் இருப்பதை யார் கிளிக் செய்வார்கள்? கிளிக் இல்லாததால் மேலே வராது, மேலே வராததால் கிளிக் இல்லை. எட்டு மாதம் தேடிய அந்த அம்மாவின் கதையே இதுதான்.

கோவை வலைத்தச்சர்

நான் சுற்றிப் போகவில்லை ஐயா. நீங்கள் சொல்வதெல்லாம் "கடன் வட்டி", "சிறந்த போன்" மாதிரியான தேடல்களில் நூற்றுக்கு நூறு உண்மை. "கும்பகோணம் செஸ் கிளப்" என்று ஒரு மாதத்தில் எத்தனை பேர் தேடுவார்கள்? அங்கே போட்டியே குறைவு. அந்தப் பட்டியல் பக்கம் மேலே நிற்பது அதன் பலத்தால் மட்டும் இல்லை, சரியான பதில் வேறு எதுவும் படிக்கிற மாதிரி அங்கே இல்லாததாலும்தான். நான் இரண்டு ஊர்களில் கைப்பந்துக் குழுக்களுக்குத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். டைட்டிலில் ஊர்ப் பெயர், எழுத்தில் முகவரி, இடம் கொடுத்த பள்ளியின் தளத்திலிருந்து ஒரே ஒரு லிங்க். அவ்வளவுதான் செய்தோம், சில வாரங்களில் முதல் பக்கத்துக்கு வந்தன.

2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் வெளியே கசிந்தனவே, அவை உண்மையானவைதான் என்று அந்நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அதில் சிறு தனிநபர் தளங்களை உயர்த்துவதற்கென்று ஒரு மதிப்பெண் புலமே, அதாவது மதிப்பெண்ணைக் குறித்துவைக்கும் ஒரு கட்டமே, இருந்தது. சின்னவர்களை நசுக்குவதுதான் நோக்கம் என்றால் அது எதற்கு?

பழைய இணையவாசி

புலம் இருந்தது, எடை இல்லை. எந்தப் புலத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது அந்த ஆவணங்களில் எங்குமே கிடையாது. டப்பா இருக்கிறது என்பதால் உள்ளே அரிசி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2023 செப்டம்பரில் கூகுள் தன் தரவரிசையில் செய்த "பயனுள்ள உள்ளடக்க" மாற்றத்துக்குப் பிறகு எத்தனை தனிநபர் தளங்கள் வாசகர்களை இழந்து மூடின என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கோவை வலைத்தச்சர்

சரி, அதை விடுங்கள். இன்னொரு வழி இருக்கிறது. வரைபடத்தோடு மூன்று பெயர்கள் வருமே, அங்கே கணக்கு வேறு: தேடியதற்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், பிரபலம் இந்த மூன்றும்தான் என்று கூகுளே சொல்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அம்மாவுக்குத் தூரக் கணக்கில் உங்களை மிஞ்ச யாராலும் முடியாது. அந்த வரைபடத்தில் வருவதற்கான கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஒன்று திறந்துவிடுங்கள், இலவசம்.

குடந்தைக் குதிரை

அதைப் பார்க்காமல் இருப்போமா? விதிமுறையை நிதானமாகப் படித்தேன். நமக்குச் சொந்தமில்லாத, நாம் பிரதிநிதியாக இருக்க அனுமதி இல்லாத ஓர் இடத்தில் தொடர்ந்து நடக்கும் வகுப்புக்கோ கூட்டத்துக்கோ ப்ரொஃபைல் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பள்ளி எங்களுக்குச் சொந்தமா? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தலைமையாசிரியர் பெருமனதோடு சாவி கொடுக்கிறார். பொய் சொல்லிப் பதிய எனக்கு மனம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். பள்ளி வகுப்பறையில், கோயில் மண்டபத்தில், நூலக மாடியில், யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவதுதான் சின்ன மன்றம். வாடகைக்குக் கடை எடுத்துப் போர்டு மாட்ட முடிந்தவர்களுக்குத்தான் வரைபடத்தில் இடம் என்றால், நான் முதலில் சொன்ன கடைசித் தெரு இதுதானே?

கோவை வலைத்தச்சர்

இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். அந்த விதியை மறந்துவிட்டேன். போலிக் கடைகளைத் தடுக்க வைத்த விதி, ஆனால் அடி விழுவது உங்கள் மாதிரி ஆட்களுக்கு. பள்ளி எழுத்துமூலம் அனுமதி கொடுத்தால் வழி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

யாழ் வாசகி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் தேடும் ஆட்களை மட்டும் வைத்துக் கதைக்கிறீர்கள் அண்ணாமாரே.

எங்கள் ஊரில் சனசமூக நிலையம் ஒன்று இருக்கிறது. வாசிகசாலை, பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு, வருடத்துக்கு ஒரு விளையாட்டுப் போட்டி. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் பல வருடங்களுக்கு முன் ஒரு தளம் செய்து தந்தார்கள். நிலையத்தின் வரலாறு, பழைய தலைவர்கள், கட்டடத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நூறு பக்கத்துக்குமேல் இருக்கிறது. நிலையத்தின் முழுப் பெயரைப் போட்டுத் தேடினாலும் ஒரு பக்கம்கூட வந்ததில்லை! காரணம், எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. திரையில் "அம்மா" என்று தெரியும், கோப்பைத் திறந்து பார்த்தால் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. லிங்க், கிளிக், பிரபலம் எல்லாம் அதற்குப் பிறகுதானே?

போன வருடம் நானும் இரண்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இருந்து ஒவ்வொரு பக்கமாக, தேடுபொறிக்குத் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினோம். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டாலும் "ஸ்ரீ"யும் எண்களும் குழம்பும், கையால் திருத்த வேண்டும். மூன்று மாத வேலை. முடித்த பிறகு, கனடாவிலிருந்து ஒரு முதியவர் தன் தகப்பனின் பெயரைத் தேடி எங்கள் பக்கத்துக்கு வந்து, அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார். ஆகவே வலைத்தச்சர் சொல்வதில் உண்மை இருக்கிறது, நாங்கள்தான் கதவைப் பூட்டி வைத்திருந்தோம். ஆனால் பெயர் அப்படியே இருந்தால்தான் வருகிறது. "நிலையம்" என்பது "நிலையத்தில்", "நிலையத்துக்கு" என்று மாறினால் முடிவுகளும் மாறிவிடுகின்றன. தமிழின் வேற்றுமை உருபுகளை ஆங்கிலச் சொற்களைக் கையாளும் அளவுக்கு இயந்திரம் கையாளவில்லை. அந்தப் பழி எங்களுடையது இல்லை.

மிதிவண்டிக்காரன்

எதற்கு இத்தனை பாடு? எங்கள் சைக்கிள் குழுவுக்கும் தளம் இருந்தது. டொமைனைப் பதிந்தவர் வேலை மாறிப் போய்விட்டார், பாஸ்வேர்டு அவரோடு போயிற்று, புதுப்பிக்கவில்லை. இப்போது அந்த முகவரியைத் திறந்தால் ரம்மி விளம்பரம். பழைய டொமைனை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது என்கிறார்கள், எங்களுக்கு அதனால் என்ன பயன், பெயர் போனது போனதுதான். அதற்குப் பிறகு வாட்ஸப் குழு மட்டும். நூற்றிருபது பேர் இருக்கிறோம், ஞாயிறு ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடுகிறார்கள். தேடல், தரவரிசை என்று அலைவதைவிட இது நிம்மதி.

குடந்தைக் குதிரை

நண்பரே, உங்கள் நூற்றிருபது பேரும் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே தெரிந்தவர்கள், இல்லையா?

அந்த அம்மா வேறு ஊரிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர். தெருவில் யாரையும் தெரியாது. பக்கத்து வீட்டில் பேச்சு இல்லை. மகள் ஒன்பது வயது, பழைய ஊரில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, இங்கே எட்டு மாதமாகப் போனில் தனியாக விளையாடியிருக்கிறது. அவருக்கு யார் உங்கள் குழுவின் இணைப்பை அனுப்புவார்கள்? தேடல் என்று ஒன்று தேவைப்படுவதே ஊரில் யாரையும் தெரியாதவர்களுக்குத்தான். தெரிந்தவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். அதனால்தான் இதை விட எனக்கு மனம் வரவில்லை.

மிதிவண்டிக்காரன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய இணையவாசி

அந்த அம்மா வேறு தேடுபொறிக்குப் போயிருக்கலாமே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் வைத்திருக்கிறது என்றே தீர்ப்பளித்தார். ஒரே கதவு என்றால், அந்தக் கதவுக்காரருக்குக் கடமை உண்டு.

கோவை வலைத்தச்சர்

அந்தத் தீர்ப்பின் மையம், போன்களிலும் பிரவுசர்களிலும் இயல்புத் தேடுபொறியாக இருக்கப் பணம் கொடுத்த ஒப்பந்தங்கள். சின்னத் தளங்களை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பதற்கு அதில் பதில் தேடாதீர்கள். கடமை உண்டு என்பதில் எனக்கும் உடன்பாடுதான் ஐயா. அது நிறைவேறும்வரை அந்த வகுப்பு நேரம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

குடந்தைக் குதிரை

இருக்க வேண்டாம். நேற்று இரவு உட்கார்ந்து போஸ்டரில் இருந்ததை எல்லாம் எழுத்தாக அடித்துப் போட்டுவிட்டேன். பள்ளித் தளத்தில் ஒரு வரி சேர்க்கத் தலைமையாசிரியர் சரி என்றார், அனுமதிக் கடிதம் பற்றி நிர்வாகத்திடம் கேட்கிறேன் என்றிருக்கிறார். தவறான எண்ணை நீக்கச் சொல்லி அந்தப் பட்டியல் தளத்துக்கு மூன்றாவது முறை எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. ஒரு சந்தேகம். டைட்டிலில் "சதுரங்க மன்றம்" என்று போடவா, "செஸ் கிளப்" என்று போடவா? எங்களுக்குள்ளேயே இதற்குச் சண்டை.

கோவை வலைத்தச்சர்

இரண்டும் போடுங்கள் சார், ஊர்ப் பெயரோடு. கீழே ஒரு வரியில் ஆங்கில எழுத்திலும் போடுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் தட்டுவார்கள். போன் வடிவத்தை நான் சனிக்கிழமை சரிசெய்து தருகிறேன், காசு வேண்டாம். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எப்போது முடிகிறது என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.